ஷீலா தைத்த குரங்கும் ஆவாரம்பூவும்

காரைக்குடி செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாவு மில்லுக்கு அடுத்த கதவு ஆரோக்கிய ஷீலாவின் கடை. "மாறுவேட உடைகள் வாடகைக்கும் கிடைக்கும், தைத்தும் தரப்படும்" என்று பலகையில் எழுதியிருக்கும். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது கம்பியில் வரிசையாகத் தொங்கும் அனுமார்கள். அவர்களை ஒதுக்கிக்கொண்டு போனால் போலீஸ்காரர், ராணி, இறக்கை வைத்த சம்மனசு, விண்வெளி வீரர், ஒரு தக்காளி, இரண்டு கத்தரிக்காய். வருடத்தில் பத்து மாதம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி நடந்துகொண்டே இருக்கும். அனுமாருக்கு மட்டும் ஓய்வே கிடையாது.

ஷீலாவுக்கு வயது நாற்பத்தேழு. இந்தத் தொழிலை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பா தையற்காரர்தான். பங்குச் சாமியார்களுக்கு அங்கி தைப்பார், ஈஸ்டர் சமயத்தில் ஊரில் இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகத்துக்கு உடுப்பெல்லாம் தைப்பார். ஆனால் மகளை மிஷின் பக்கம் வரவிட மாட்டார். ஷீலா ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய உடுப்பை எடுத்து, பிளேடால் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, தரையில் பரப்பிவைத்துப் பார்ப்பார். எந்தத் துண்டு எதனோடு சேர்ந்திருந்தது, எங்கே சுருக்கம் விட்டிருந்தார்கள், எங்கே ஒரு விரல் அகலம் ஒளித்துவைத்திருந்தார்கள் என்று பார்த்துவிட்டு மறுபடியும் மூட்டி வைத்துவிடுவார். பத்தொன்பது வயதில் ஒரு புனித வாரத்தில், ரோமானியப் படைவீரனின் உடுப்பைப் பிரித்துவிட்டு நேரத்துக்கு மூட்ட முடியாமல் போனது. அந்த வீரன் போர்வையைச் சுற்றிக்கொண்டு மேடையேறினான். இந்த வருஷம்தான் படைவீரன் உடுப்பு கம்பீரமாக இருந்தது என்று ஊர் பேசிக்கொண்டது. மறுநாள் அப்பா கத்தரிக்கோலை மகள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஷீலாவிடம் உடை தைக்கக் கொடுத்தவர்கள் சொல்லும் ஒரே புகார், அவர் கேட்கும் கேள்விகள். கேட்டு முடிக்காமல் கத்தரிக்கோலை எடுக்க மாட்டார்.

போன டிசம்பரில், திருப்பத்தூர் ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் பள்ளியிலிருந்து உயிரியல் ஆசிரியை சத்தியப்பிரியா கடைக்கு வந்தார். அந்தப் பள்ளியின் ஆண்டு விழா உடைகள் எப்போதும் மதுரையிலிருந்து வரும். இந்த வருஷ நாடகத்தை எழுதியவர் சத்தியப்பிரியா என்பதால், உள்ளூரிலேயே தைத்துப் பார்க்கலாம் என்று தலைமையாசிரியையிடம் பேசி அனுமதி வாங்கியிருந்தார்.

"ரெண்டே ரெண்டு உடை மாதிரிக்குத் தைச்சுக் குடுங்கக்கா. இன்னும் ரெண்டு வெள்ளி விட்டு வர்ற வெள்ளி மேடம் பாப்பாக. அவுகளுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா நாடகம் மொத்தமும் உங்களுக்குத்தான்."

ஷீலா மடியிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார். பதினெட்டு வருஷமாக அவர் கடையிலிருந்து வெளியே போனதெல்லாம் ஒற்றை ஒற்றை உடைகள். ஒரு முழு நாடகத்தைத் தானே யோசித்து, தானே வெட்டி, மேடையில் மொத்தமாகப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதை வீட்டில்கூட அதிகம் பேசியதில்லை.

"என்ன வேசம் டீச்சர்?"

"ஒண்ணு சிங்கவால் குரங்கு. இன்னொண்ணு ஆவாரஞ்செடி. நாடகத்துல அவுக ரெண்டு பேருதான் பேசுவாக. யாரு பெரியவுகன்னு வழக்கு."

"குரங்குக்கும் செடிக்கும் என்ன வழக்கு? வாய்க்கா வரப்பா?"

சத்தியப்பிரியா சிரித்தார். "அந்தக் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும்தான்க்கா இருக்கு. உலகத்துல வேற எங்குட்டும் இல்ல. காட்டுக்குள்ள இருக்கிறது மூவாயிரமோ நாலாயிரமோன்னு சொல்றாக. மரத்தவிட்டு எறங்காது. வெடிப்பலாப் பழம் வேணும், கிளையோட கிளை தொட்டுக்கிட்டு நிக்கிற காடு வேணும். காட்ட நடுவுல வெட்டி ஒரு ரோடு போட்டா அங்குட்டு உள்ளது அங்குட்டு, இங்குட்டு உள்ளது இங்குட்டு. ஆவாரைய எடுத்துக்கங்க. சரளை மண்ணு போதும், நாலு தூறல் போதும். இதுவரைக்கும் எவரும் எண்ணுனது கெடையாது. ஒண்ணு போனாத் திரும்பி வராது, இன்னொண்ணு வெட்டுனாலும் போகாது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திப் பேசவிட்டா பிள்ளைகளுக்குச் சட்டுன்னு பிடிபடும்."

ஷீலாவுக்கும் சட்டென்று பிடிபட்டது. குரங்கில்தான் வேலை இருக்கிறது. பூ நமக்குத் தெரிந்ததுதானே.

அன்று மாலையே கேள்விகள் ஆரம்பித்தன. வாட்ஸப்பில் சத்தியப்பிரியாவுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் குரல் பதிவுகள் போயின. முகத்தில் முடி உண்டா? பிடரி முடி தாடைக்குக் கீழே கூடுமா, விட்டுப்போகுமா? வெள்ளையா, சாம்பலா? வால் எத்தனை விரற்கடை? நுனிக் குஞ்சம் கூராக முடியுமா, உருண்டையாகவா? ஏழாவது கேள்விக்கு சத்தியப்பிரியாவிடமிருந்து பதில் வந்தது. "அக்கா, நான் காலேஜ்ல படிச்சப்ப வைவாவுலகூட இம்புட்டுக் கேக்கல."

இத்தனை கேட்டதற்குக் காரணம் உண்டு. முப்பது அனுமாருக்குமேல் தைத்த கை, குரங்கு என்றதும் தானாகவே சிவந்த வாயும் தலைக்குமேல் வளைந்து நிற்கும் வாலும் வைத்துவிடும். அது கூடாது என்று ஷீலா உறுதியாக இருந்தார். இந்தக் குரங்கின் முகம் கறுப்பு. முகத்தைச் சுற்றிலும் வெள்ளிச் சாம்பலில் பிடரி. வால் ஏறக்குறைய உடம்பில் பாதி நீளம்தான், நுனியில் சிங்கத்துக்கு இருப்பதுபோல ஒரு குஞ்சம். சத்தியப்பிரியா அனுப்பிய வால்பாறை வீடியோவை ஷீலா நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். குரங்கின் நீளத்தையும் வாலின் நீளத்தையும் கேட்டு வாங்கி, வேடம் கட்டப்போகும் அக்ஷய் என்ற பையனின் உயரத்துக்கு அதே கணக்கில் வாலை வெட்டினார். பொம்மை தைக்கும் ரோமத் துணியை ஆன்லைனில் வரவழைத்து, மூன்று சாம்பல் நிறங்களில் எது சரி என்று வெயிலில் வைத்துப் பார்த்தார்.

கணவர் ஆன்றோ மின்வாரியத்தில் லைன்மேன். வேலை முடிந்து வந்தவர், செல்போனும் கையுமாக உட்கார்ந்திருக்கும் மனைவியை நாலாவது நாளாகப் பார்த்தார்.

"இருவத்தி மூணு வருஷத்துல எம் மூஞ்சிய இப்படி ஒரு தடவை நிறுத்திப் பாத்திருக்கியா?"

"உங்க மூஞ்சி அழியிற நெலமையில இல்லையே."

"அழிஞ்சாத்தான் பாப்பியாக்கும்."

"மொதல்ல மரத்துல ஏறுங்க. அப்பறம் பாக்குறேன்."

"தெனம் போஸ்ட்ல ஏறுறேனே, அது கணக்குல வராதா?"

அந்த வாரத்தில், பூ வேடத்துக்கான பெண்ணை அளவெடுக்க அவள் அம்மா அழைத்துவந்தார். பெயர் அக்ஷரா, நாலாம் வகுப்பு. அம்மா மீனாள் ஆச்சி கானாடுகாத்தானில் தங்கள் பூர்வீக வீட்டைச் சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாக நடத்துகிறவர். பெண்ணை முன்னால் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அக்ஷராவின் முகம் ஏற்கெனவே அழுது ஓய்ந்திருந்தது.

"எம் பிள்ளை குரங்காகணும்னு கேட்டுச்சு ஷீலா. அந்தப் பையனுக்குக் குடுத்துட்டாக. இதைக் கொண்டுபோயி ரோட்டோரச் செடியா நிறுத்துறாக. ஊர்ல சொன்னா சிரிக்க மாட்டாக?"

"குரங்கா நின்னாச் சிரிக்க மாட்டாகளா ஆச்சி?"

"அது உலகத்துலயே கொஞ்சந்தான் இருக்காம்ல. ஒரு மதிப்பு இருக்கு. ஆவாரைய யாரு பாப்பா?"

ஷீலா டேப்பை அக்ஷராவின் தோளில் வைத்தார். "நான் தைக்கிறதுல நல்லாத்தான் இருப்ப. கவலப்படாத."

"குரங்குக்கு வால் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?" என்று கேட்டாள் அக்ஷரா.

ஷீலா டேப்பை இடுப்புக்குக் கொண்டுவந்தார். "இதழ் இருக்குல்ல," என்றார்.

குரங்குக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. பூவுக்கு ஒரு மத்தியானம். போன வருஷம் எலுமிச்சம்பழத்துக்கு வாங்கி மிஞ்சிய மஞ்சள் சாட்டினை எடுத்தார். தையற்காரர்கள் எப்போதும் செய்வதைத்தான் செய்தார். துணியை இரண்டாக மடித்தார், மடிப்பில் பாதி இதழை வரைந்தார், வெட்டினார், விரித்தார். முழு இதழ். மனித உடம்பின் வலமும் இடமும் ஒன்று என்பதால் சட்டையின் முதுகை மடித்து வெட்டுவது வழக்கம். அந்த வழக்கத்தில் அவர் கை ஒரு நிமிஷமும் தயங்கவில்லை. ஐந்து இதழ்கள், ஒரே அச்சு. உள்ளே விறைப்புக்கு கேன்வாஸ், ஓரத்தில் மெல்லிய கம்பி. முகத்தைச் சுற்றி வட்டமாக நிற்கும்படி தொப்பியில் மூட்டினார். நடுவில் பழுப்புத் துணியில் ஒரு வளையம். பச்சைப் பாவாடை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

புதன்கிழமை காலை ஆன்றோ பின்கட்டில் இருந்த வீட்டிலிருந்து தன் தம்ளரோடு கடைக்கு வந்தார். மூன்று வருஷமாக அவருக்குச் சர்க்கரை. தினமும் காலையில் ஆவாரம்பூ போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைக் குடிப்பார். பூவை அவரே வேலைக்குப் போகும் வழியில் பறித்துக்கொள்வார். குடித்துக்கொண்டே, கம்பியில் தொங்கிய உடையைப் பார்த்தார்.

"சூரியகாந்தி யாருக்கு?"

"கண்ணத் தொடச்சுட்டுப் பாருங்க. அது ஆவாரம்பூ."

"ஆவாரம்பூவா?" ஆன்றோ தம்ளரைக் கீழே வைத்தார். "ஏய், வெறும் வயித்துல தெனம் அதத்தான் குடிக்கிறேன். அது மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

"நீங்க மூணு வருஷமாக் குடிக்கிறீக. நான் சின்னப் பிள்ளையிலருந்து பாக்குறேன்."

"அப்ப நீ பாத்தது வேற ஊரு ஆவாரம்பூ."

உள்ளே போனவர், முந்தின நாள் பறித்துத் தண்ணீரில் போட்டு வைத்திருந்த ஒரு கொத்தோடு திரும்பிவந்தார். அதில் நன்றாக விரிந்த ஒரு பூவைக் கிள்ளி ஷீலாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"எத்தன இதழு?"

"அஞ்சு. நானும் அஞ்சுதான் வச்சிருக்கேன்."

"அஞ்சும் ஒண்ணு போலயா இருக்கு?"

ஷீலா பூவை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பிறகு துணியை மடிப்பதுபோல அதை நடுவில் மெதுவாக மடித்தார். வலப்பக்கம் இடப்பக்கத்தில் பொருந்தவில்லை. திருப்பி வேறு பக்கமாக மடித்துப் பார்த்தார். அப்போதும் பொருந்தவில்லை. இதழ்கள் ஒன்றுக்கொன்று அளவில் வேறு. ஓரமெல்லாம் சுருக்கம் விட்டுத் தைத்ததுபோல நெளிந்திருந்தன. நடுவில் வளையம் என்று ஒன்றுமே இல்லை. மகரந்தத் தண்டுகள் இருந்தன. மேலே இருந்தவை குட்டையாக, எதற்கும் உதவாதவைபோல ஒட்டிக்கொண்டிருந்தன. கீழே வரவர நீண்டு, அடியில் இருந்தவை கொக்கிபோல வளைந்து முன்னால் வந்தன. பூ மொத்தமும் யாரையோ எட்டிப் பார்ப்பதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

ஷீலா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"பாத்ததே இல்லைன்னு குரங்க நூறு தடவ பாத்தேன். தெரிஞ்சதுதானேன்னு இத ஒரு தடவகூடப் பாக்கல."

"விடு. நாளை மறுநா தானே. சூரியகாந்தின்னே குடுத்துரு," என்றார் ஆன்றோ. அப்படிச் சொன்னால் மனைவி எழுந்துவிடுவார் என்று அவருக்குத் தெரியும்.

ஷீலா எழுந்தார். "வண்டிய எடுங்க."

அரியக்குடிக்குப் போகும் ரோட்டோரத்தில் ஆவாரை இடுப்பளவு நின்றது. ஆன்றோ ஷீலாவை இறக்கிவிட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ஷீலா ஒரு செடிக்கு முன்னால் செருப்பைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். பழைய செய்தித்தாள், பென்சில், சின்னக் கத்தரிக்கோல். ஒரு பூவைப் பறித்து, சிறுவயதில் உடுப்புகளைப் பிரித்ததுபோலவே அதைப் பிரித்து, ஒவ்வோர் இதழாகத் தாளில் வைத்து ஓரத்தை வரைந்தார். பிறகு வேறு செடியில் வேறு பூ. கருவண்டு ஒன்று வந்து பூவைப் பிடித்துக்கொண்டு தையல் மிஷின்போல அதிர்ந்தது. அது போகும்வரை கையை அசைக்காமல் இருந்தார்.

சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். "சக்கரையா தங்கச்சி? வெந்தயத்தையும் சேத்துக் குடிக்கணும்."

"சரிங்கண்ணே."

ஸ்கூட்டியில் வந்த பெண் நின்றாள். "அக்கா, எங்க மாமியாருக்குப் பாகக்காதான் கேட்டுச்சு."

நாலாவது ஆளும் சர்க்கரைக்கு மருந்து சொன்னபோது, "இல்லைங்க, தைக்கப்போறேன்," என்றார் ஷீலா. அந்த ஆள் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் எழுந்திருக்கும்போதுதான் இன்னொன்றைப் பார்த்தார். ஒவ்வோர் இலைக் காம்பும் தண்டில் சேரும் இடத்தில், வட்டமாக, காது மடல்போல ஒரு ஜோடி. இலையோடு இலையாக இத்தனை நாளும் அது அங்கேயே இருந்திருக்கிறது. செய்தித்தாளில் அதையும் வரைந்துகொண்டார். பாவாடைக்கு மேலே, தோள்பட்டையில் வைக்க அதைவிடப் பொருத்தமாக எதுவும் கிடைக்காது.

அன்று மாலையும் மறுநாள் முழுவதும் தைத்தார். எதையும் மடித்து வெட்டவில்லை. ஐந்து இதழுக்கும் ஐந்து தாள் அச்சு. ஓரத்தில் நூலை இழுத்துச் சுருக்கினார். மகரந்தத் தண்டுகளுக்குப் பஞ்சு அடைத்த துணிக்குழாய்கள், பத்தும் பத்து அளவு. நீண்டவை கீழே ஒரு பக்கமாக வந்ததால், பாரம் தாங்காமல் தொப்பி சரிந்தது. தக்காளிக்கோ கத்தரிக்காய்க்கோ இந்தத் தொல்லை வந்ததில்லை. தொப்பிக்குள் ஒரு பட்டையைத் தைத்து, அதை எதிர்ப்பக்க அக்குளுக்குக் கீழே கொண்டுவந்து ஊக்கு மாட்டினார். தொப்பி நின்றது. பூ மட்டும் சாய்ந்திருந்தது. மடித்து வெட்டிய பழைய பூவையும் எதற்கும் இருக்கட்டும் என்று பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளியின் கூட்ட அறையில் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சத்தியப்பிரியா. அக்ஷராவை அழைத்துவந்த மீனாள் ஆச்சியும் பையோடு வந்த ஷீலாவும் ஒரு ஓரமாக நின்றார்கள்.

முதலில் குரங்கு வந்தது. அக்ஷய் கைகளைத் தொங்கவிட்டு நடந்து, பிடரியைச் சிலிர்த்து, மேசைக்குமேல் தாவி உட்கார்ந்தான். தலைமையாசிரியை கைதட்டிவிட்டார். "பயமாத்தான் இருக்கு!" என்று சிரித்தார். வாலைத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்து ஆவாரம்பூ வந்தது. யாரும் கைதட்டவில்லை.

"என்ன ஷீலா, ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்குது?" என்றார் மீனாள் ஆச்சி. "இதழுகூட ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசால்ல இருக்கு."

தலைமையாசிரியை கண்ணாடியைச் சரிசெய்தார். "குரங்கு ரொம்பப் பிரமாதம்மா. பூவுல கொஞ்சம் அவசரம் தெரியுது."

ஷீலா பையைப் பார்த்தார். அவசரத்தில் செய்த பூ பைக்குள் இருந்தது. சத்தியப்பிரியா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மீனாள் ஆச்சி பைக்குள் மஞ்சளைப் பார்த்து அதை வெளியே இழுத்துவிட்டார்.

"இந்தா, இன்னொண்ணு இருக்கே! இதுல்ல பூ!"

தலைமையாசிரியையின் முகம் மலர்ந்தது. "ஆமா, இது அழகா இருக்கே. இதையே வச்சுக்கலாமே. மத்ததுக்கெல்லாம் நீங்களே அளவெடுத்திருங்க."

நாடகம் கையில் வந்து உட்கார்ந்துவிட்டது. தலையை ஆட்டினால் போதும். ஷீலா பழைய பூவை ஆச்சியின் கையிலிருந்து வாங்கினார். அதைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"மேடம், இதுவும் பூதான். ஆவாரம்பூ இல்ல. தப்பா வெட்டிட்டேன். பிள்ளை போட்டிருக்கிறதுதான் ஆவாரம்பூ."

"மேடைக்குக் கீழ உக்காந்திருக்கிறவங்களுக்கு என்னம்மா தெரியப்போகுது?"

"இந்தக் குரங்குக்கு வால ஒரு சாண் கூட்டி வச்சிருந்தா ஒத்துக்குவீகளா?"

"அது எப்படி? அது அரிய இனம். தப்பாக் காட்டலாமா?"

"இது அரிய இனம் இல்லைன்னா தப்பாக் காட்டலாமா மேடம்?"

சொன்ன பிறகுதான் ஷீலாவுக்குப் பயம் வந்தது. பதினெட்டு வருஷக் காத்திருப்பை ஒரு வாக்கியத்தில் தொலைத்துவிட்டோமோ என்று சத்தியப்பிரியாவைப் பார்த்தார். சத்தியப்பிரியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், அது நம்ம கேட்டுக்கிட்டயே இருக்கு," என்றாள் அக்ஷரா.

யாரும் பதில் சொல்வதற்குள் அவள் உடையோடு வெளியே ஓடினாள். மகரந்தத் தண்டுகள் பத்தும் ஆடின. அம்மா பின்னால் ஓடினார், அதற்குப் பின்னால் குரங்கு, அதற்குப் பின்னால் மற்றவர்கள். பள்ளி வாசலில், சுற்றுச்சுவர் முடியும் மூலையில் ஒரு ஆவாரஞ்செடி முழங்கால் உயரத்துக்குப் பூத்திருந்தது. அக்ஷரா அதன் பக்கத்தில் போய் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். செடியின் பூ எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அந்தப் பக்கமே அவளும் தலையைச் சாய்த்தாள்.

தலைமையாசிரியை குனிந்து ஒரு பூவைப் பறித்தார். பூவைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், மறுபடியும் பூவைப் பார்த்தார். இதழ் ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். அக்ஷராவின் தோளில் இருந்த வட்டக் காதுகளைப் பார்த்ததும் செடிக்குத் திரும்பி, இலைக்கடியில் அவற்றைத் தேடினார். கிடைத்தன.

"இருபத்திரண்டு வருஷமா இந்த கேட்டுலதான் நுழையுறேன்," என்றார்.

காவலாளி இராமு பதறிப்போய் வந்தார். "மேடம், நீக வெட்டச் சொன்ன செடிதான் மேடம். மாசாமாசம் வெட்டுறேன். வெட்ட வெட்டத் தழையுது, நான் என்ன செய்ய?"

முதலில் சிரித்தது சத்தியப்பிரியா. பிறகு தலைமையாசிரியை. "இனிமே வெட்ட வேண்டாம் இராமு. ஆண்டு விழா வரைக்குமாவது இருக்கட்டும்."

"வேர்க்குது மிஸ், கழட்டிக்கிறேன்," என்றான் ரோமத்துக்குள் இருந்த அக்ஷய். யாரும் அவனைக் கவனிக்கவில்லை. மீனாள் ஆச்சி செல்போனை எடுத்து, மகளையும் செடியையும் சேர்த்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, வாலு குறுக்க வருது," என்று அக்ஷயை ஒதுக்கினார். ஷீலா பக்கம் திரும்பி, "நான் என்னத்தக் கண்டேன் ஷீலா, கோணலுன்னுட்டேன். மனசுல வச்சுக்காத," என்றார்.

"விடுங்க ஆச்சி. மொதத் தடவ நான் கண்டது மட்டும் என்னவாம்."

மறுபடியும் அறைக்குத் திரும்பியதும் தலைமையாசிரியை நாடகத் தாளை விரித்தார். கூட்டத்தில் நிற்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார். நாற்பது பேர், இன்னும் என்ன வேடம் என்று முடிவாகவில்லை என்றார் சத்தியப்பிரியா. ஷீலா மனதுக்குள் பத்துக் குரங்குகளாவது வைத்திருந்தார். பிடரி வைக்கும் வேலை இப்போது கைக்கு நன்றாகப் பழகியிருந்தது.

"நாற்பதும் ஆவாரம்பூவா வச்சிருவோம்," என்றார் தலைமையாசிரியை. "குரங்கு இது ஒண்ணு மட்டும் போதும். கூட்டத்துக்கு நடுவுல தனியா நிக்கட்டும். அதுதானே சத்தியப்பிரியா உங்க கதை?"

"அதேதான் மேடம்!" என்றார் சத்தியப்பிரியா. இதைத் தான் எழுதும்போதே யோசிக்கவில்லையே என்ற வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது.

ஷீலா வாய்க்குள் கணக்குப் போட்டார். நாற்பது பூ. இருநூறு இதழ். நானூறு மகரந்தத் தண்டு. ஒன்றைக்கூட மடித்து வெட்ட முடியாது. வேண்டுமானால் துணியை விரித்து ஆறு அடுக்கு, எட்டு அடுக்கு போட்டு வெட்டலாம். அதற்குமேல் போட்டால் கத்தரிக்கோல் வழுக்கிவிடும். தொப்பிக்குள் வைக்கும் பட்டை நாற்பது.

"எத்தன நாள் வேணும்மா?"

"ஒரு மாசம் குடுங்க மேடம்."

"ஆண்டு விழாவுக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு."

"அப்ப அஞ்சு வாரம் குடுங்க," என்றார் ஷீலா.

பள்ளியிலிருந்து நேராகத் துணிக்கடைக்குப் போனார். கடைக்காரர் குமரப்பன் பல வருஷப் பழக்கம். அனுமாருக்கு வேண்டிய ஆரஞ்சுத் துணியை அவரே எடுக்கப் போனார். ஷீலா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மஞ்சள் சாட்டின் நாற்பது மீட்டர் கேட்டார்.

"நாப்பதா?" குமரப்பன் திரும்பிப் பார்த்தார். "மாரியம்மன் பால்குடத்துக்கு இன்னும் நாள் கெடக்கே. அதுவும் நீ மாதா கோயில் ஆளாச்சே. கட்சிக் கூட்டமா?"

"செடிக்குண்ணே."

"செடிக்கா? எந்தச் செடிக்கு?"

"ஆவாரஞ்செடிக்கு."

குமரப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "ரோட்டோரம் கெடக்குற செடிக்கு நாப்பது மீட்டர் சாட்டினா?"

"ரோட்டோரம் கெடக்குறதாலதான் நாப்பது. குரங்குன்னா ரெண்டு மீட்டரோட முடிஞ்சிருக்கும்."

ஒரு உருளையில் அவ்வளவு இல்லை. இன்னொன்றையும் எடுத்துவரச் சொல்லி மாடிக்குக் குரல் கொடுத்தார் குமரப்பன்.